41-ஆம் பக்கத்திலிருந்து தொடர்ந்த நூல்

சிமெண்ட் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் இளைய நண்பர் ஒருவர் சமீபத்தில் எனக்கு எழுதியிருந்தார். கல்லுடைக்கும் கிரஷர் தொடங்கி மூட்டை கட்டும் இடம் வரையில் ஆலையிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் மானுவல்களையும் வேலைமுறைக் குறிப்புகளையும் புதிதாகத் தொகுத்து ஒழுங்கு செய்யும் பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதென்றும், இத்தகைய காரியத்தை எங்கே தொடங்கி, எந்தக் கிரமத்தில் நடத்தி, எப்போது முடிந்ததென்று சொல்வது என்பது தமக்குப் பிடிபடவில்லையென்றும், இந்தத் தொழிலிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் நான் விவரமாக விளக்க வேண்டுமென்றும் கேட்டிருந்தார். அவருக்கென்று எழுதத் தொடங்கிய கடிதம் நீண்டுகொண்டே போயிற்று. அதே கவலையோடு இருப்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

திட்டமிடுதலைப் பற்றி மேல்நாட்டு நிர்வாக நூல்கள் ஏராளமாக உண்டு. அவற்றால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நண்பருடைய ஆலைக்குக் கல் வருகிற அதே அரியலூர்ப் பூமியில், தொழில்நுட்ப ஆவணப்பணி ஒன்றை வகுத்து நடத்துவது எப்படி என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிக உயர்ந்த உதாரணம் ஒன்று சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் நிறைவேறியிருக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறெங்கோ போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கிற தீர்மானமான அபிப்பிராயம் இது: எழுதியவர் அகன்ற பின்பும், அவர் எழுதியதில் பிழை கண்டவர் வந்து திருத்திய பின்பும், மேற்கொண்டு எழுதிச் செல்ல இடம் கொடுக்கிற ஆவணமே நல்ல ஆவணம், அவ்வாறு இடம் கொடுக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதற்குத்தான் திட்டம் என்று பெயர்.

அரியலூர் நகரத்துக்குச் சமீபத்திலுள்ள கல்லங்குறிச்சியை நம்மவர்கள் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறிவார்கள். ஸ்ரீராமநவமி உற்சவத்தின்போது சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் விளைந்த தானியத்தையும் வளர்த்த கன்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து நிற்கிற ஸ்தலம் அது. மற்ற நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் போகிறவர்கள் காண்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும், மரங்களின்மேல் படிந்த வெண்புழுதியும், தூரத்தில் சுரங்கங்களின் விளிம்பும்தான். ஆனால் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கல்லங்குறிச்சி என்ற பெயரை அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல் இருந்தபோது, அதன் அடியில் வாழ்ந்து மடிந்த சிப்பியினங்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்பதாகும். கிரைபியா, இனோசெராமஸ் என்று அவர்கள் அழைக்கும் சிப்பிகள் அந்தப் பாறையில் உள்ளங்கை அளவிலும் அதற்கு மேலும் பொதிந்து கிடக்கின்றன. ஒரு சிற்றூரின் பெயர் சாஸ்திர நூல்களில் ஏறி நிலைபெறுவதற்கு முன்னால் அங்கே நடந்த எழுத்து வேலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்த வேலை நன்றாகத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. 1840-களின் தொடக்கத்தில் சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிப் என்னும் இரண்டு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பிரதேசங்களில் கண்டெடுத்த தொல்லுயிர் எச்சங்களைச் சிரத்தையோடு சேகரித்து லண்டன் புவியியல் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்கள். எட்வர்ட் போர்ப்ஸ் என்ற பெரிய அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1846-ல் வெளியாயிற்று. போர்ப்ஸின் ஞானத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆயினும், கற்கள் எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கில் கிடந்தன என்பதை நேரில் காணாமல், பெட்டியில் வந்து இறங்கிய ஓடுகளின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலநிர்ணயம் செய்ய வேண்டிய நிலையில் இருந்த அவர், புதுச்சேரிப் படிவுகளைக் கிரிட்டேஷியஸ் என்னும் பூகர்ப்ப யுகத்தின் அடித்தட்டில் கொண்டுபோய் வைத்தார். திருச்சிராப்பள்ளிப் படிவுகளை அதற்கு மேலே வைத்தார். பிற்பாடு தரையில் நடந்து பார்த்தவர்களோ, அந்தப் புதுச்சேரிப் படிவுகள் அந்த யுகத்தின் மேற்தட்டைச் சேர்ந்தவை, அரியலூர்ப் பாறைகளோடு ஒரு வரிசையில் வைக்கத் தகுந்தவை என்று கண்டார்கள். எழுதுகிறவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், பொருள் இருந்த இடத்தைப் பற்றிய குறிப்பு பொருளோடு கூட வந்து சேராவிட்டால் அவருடைய தேர்ச்சியே அவரைத் தவறான முடிவுக்கு வெகுதூரம் இட்டுச் சென்றுவிடும். ஆலைகளில் கூட இதைத்தான் காண்கிறோம். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாளும் நின்று பாராத எழுத்தாளர்களுக்கு வரைபடங்களையும் பழைய குறிப்புகளையும் கட்டுக் கட்டாக அனுப்பி, 'இவற்றை வைத்து மானுவல் எழுதித் தாருங்கள்' என்று கேட்கிற வழக்கம் இன்றைக்கும் ஒழிந்தபாடில்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1851-ல் கல்கத்தாவில் வந்து இறங்கிய தாமஸ் ஓல்டாமைத்தான் நான் இந்தக் கதையின் பிரதான புருஷராகக் கருதுகிறேன். அரியலூர்ப் பாறைகளைப் பற்றிய பெருநூல்களின் முகப்பில் அவர் பெயர் ஆசிரியராக நிற்பதில்லை. ஆனால் அந்த நூல்கள் எவ்வுருவில் வரவேண்டும் என்பதை அவர்தான் நிர்ணயித்தார். அவர் செய்தவற்றுள் நான் மிகவும் வியக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. துறையின் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பிரசுரத்தில் திணிக்காமல், ஒரு பிரதேசத்தின் நிலத்தையும் பாறை வரிசையையும் விஸ்தாரமாக விவரிப்பதற்கு 'மெமாயர்ஸ்' என்ற வரிசையையும், எச்சங்களை ஒவ்வொன்றாகப் படத்துடன் வருணிப்பதற்கு 'பாலியன்டாலஜியா இண்டிகா' என்ற வரிசையையும், அவ்வப்போது தெரியவரும் சிறு செய்திகளைக் காலதாமதமின்றி அச்சிடுவதற்கு 1868 முதல் 'ரெக்கார்ட்ஸ்' என்ற வரிசையையும் அவர் வகுத்து வைத்தார். நிலத்தில் நடக்கப் போகிறவனுக்கு முதலாவது வேண்டும்; கையில் ஒரு சிப்பியை வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்கிறவனுக்கு இரண்டாவது வேண்டும்; சென்ற வருஷத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று அறிய விரும்புகிறவனுக்கு மூன்றாவது வேண்டும். படிக்கிறவர்கள் மூன்று வகையினர் என்பதை முன்னதாக உணர்ந்து மூன்று கதவுகளைத் திறந்துவைத்த அந்தத் தீர்க்கதரிசனத்தை, ஒரே தடிப் புத்தகத்தில் நிறுவும் முறையையும் இயக்கும் முறையையும் பழுது நீக்கும் முறையையும் மாற்றங்களின் ஜாபிதாவையும் ஒன்றாகக் கலந்து கட்டிவைக்கிற இக்கால மானுவல் எழுத்தாளர்கள் சற்றே யோசித்துப் பார்க்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறைகளைச் சர்வே செய்யும் வேலை 1850-களின் பிற்பகுதியில் ஹென்றி பிரான்ஸிஸ் பிளான்போர்டு என்பவரிடம் வந்தது. மழை இல்லாத மாதங்களில் தரையில் நடந்து பார்ப்பது, மழையும் கோடையும் தடுக்கிற மாதங்களில் காரியாலயத்தில் அமர்ந்து எழுதுவது என்பது அந்தத் துறையின் வழக்கம். அவருடைய மெமாயர் 1862-ல் வந்தது. இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலில், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பெரும் பிரிவுகளாக அவர் இப்பிரதேசத்துக் கிரிட்டேஷியஸ் பாறைகளை வகுத்தார். உட்பிரிவுகள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும் இன்றைய மாணவன் கற்றுக்கொள்ளும் அடிப்படை வரிசை அதுவே. அதே தொகுதியின் அடுத்த பகுதியைக் கிங் என்பவரும், பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து 1863-ல் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் பூட்டும் எழுதினார்கள். சுற்றியுள்ள ஜில்லாக்களின் பழம்பாறைகள் அவர்கள் பொறுப்பு. ஒருவர் எல்லை எங்கே முடிகிறது, மற்றவர் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பம் ஏற்படவில்லை.

பிளான்போர்டு அந்தப் பிரதேசத்து ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். சாத்தனூரும் சில்லக்குடியும் குமாரபாளையமும் அவருடைய பக்கங்களில் முதல் பார்வைக்கு அடையாளம் தெரியாத உருவில் நிற்கின்றன. அப்படியிருந்தும் பின்வந்தவர்கள் அந்த இடங்களுக்குத் திரும்பப் போய்ச் சேர முடிந்ததற்குக் காரணம், எச்சம் கிடைத்த இடத்தை ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், ஓதியத்துக்கு வடகிழக்கே என்பதுபோல இன்ன ஊருக்கு இன்ன திசையில் என்று சேர்த்து எழுதியிருந்ததும், எந்தப் பிரிவைச் சேர்ந்த பாறை என்பதைக் கூடவே குறித்திருந்ததும்தான். அதற்குப் பிறகு ஜில்லா எல்லைகள் எத்தனை முறை மாறின! திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, மறுவருஷம் மீண்டும் அதிலேயே சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. நிர்வாகப் பெயரை மட்டும் நம்பி எழுதியிருந்தால் அந்த இடங்களில் பாதியை இன்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பிளான்போர்டு மெமாயரோடு நிற்காமல், எச்சங்களை வருணிக்கும் பாலியன்டாலஜியா இண்டிகாவின் வேலையையும் தொடங்கியிருந்தார். தலைக்காலிகளில் பெலெம்னைட், நாட்டிலஸ் வகைகளைப் பற்றிய அவருடைய பகுதி 1861-ல் வெளிவந்தது: 40 பக்கங்கள், 25 படத்தாள்கள். அடுத்து வரவேண்டியது அம்மோனைட் வகைகள். எண்ணிக்கையிலும் சிக்கலிலும் அவைதாம் பெரும்பகுதி. இந்தக் கட்டத்தில்தான், 1862-ல், உடல்நலக் குறைவினால் அவர் துறையை விட்டு விலகிக் கல்கத்தாப் பிரெஸிடென்ஸி கல்லூரிக்கு ஆசிரியராகப் போய்விட்டார். பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையைக் கட்டி எழுப்பியவரும் அவரே. ஒரு பெரும் ஆவணப்பணிக்கு நேரக்கூடிய விபத்துகளில் இதைவிடக் கொடியது கிடையாது. நிலத்தைத் தன் காலால் அளந்தவர், பொருள்களைத் தன் கையால் பொறுக்கியவர், நூலின் அமைப்பைத் தன் மனத்தில் வைத்திருந்தவர், முதல் 40 பக்கங்களோடு போய்விடுகிறார்.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. மொரேவியாவில் பிறந்து, வியன்னாவில் பயிற்சி பெற்று, 24 வயதில் ஓல்டாமின் துறைக்கு வந்து சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, 1863-ல் தம் முதல் பகுதியை வெளியிட்டார். அது 41-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது; அதன் முதல் படத்தாளின் எண் 26. புதிய தலைப்பு, புதிய எண் வரிசை, புதிய அமைப்பு என்று எதையும் அவர் கேட்கவில்லை. முன்னவர் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியில் அவர் பேனா ஓடுகிறது. அதே நூலில் முன்னவருடைய நாட்டிலஸ் பகுதியை மறுபரிசீலனை செய்து தம் திருத்தங்களையும் சேர்த்து அச்சிட்டார். முன்னவரின் பக்கங்கள் அழிக்கப்படவில்லை. திருத்தம் தனியாக, திருத்தியவர் பெயரோடு நிற்கிறது. படிக்கிறவனுக்கு இரண்டும் தெரிகின்றன. இன்றைய கணினிகளில் பதிப்பு வரலாறு என்று நாம் சிரமப்பட்டு ஏற்படுத்திக்கொள்வதை, காகிதத்திலும் கல்லச்சிலும் இவர்கள் இயல்பாகச் செய்திருக்கிறார்கள்.

இது ஸ்டொலிஸ்காவின் நற்குணத்தால் மட்டும் நடந்ததல்ல. அப்படி நடக்கும்படி ஓல்டாம் வேலையைப் பகுத்திருந்தார் என்பதே என் கட்சி. பூர்த்தியான பெருநூலுக்காகக் காத்திராமல், உயிரினக் குடும்பம் குடும்பமாகப் பகுதிகள் வெளியாயின. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முழுமையானது, ஆகவே ஆள் மாறினால் நஷ்டம் ஒரு பகுதியோடு நின்றுவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் எழுத வேண்டிய விஷயங்களின் வரிசை, அதாவது முன்னர் எழுதியவர்கள் வைத்த பெயர்கள், உருவ விவரணை, ஒத்த இனங்களோடு உள்ள வேற்றுமை, கிடைத்த இடம், பாறைப் பிரிவு என்ற வரிசை, ஏற்பட்டுவிட்டது. மாதிரிப் பொருள்கள் துறையின் காட்சிச்சாலையில் பாதுகாக்கப்பட்டன. ஆகவே புதிதாக வந்தவர் தம் முன்னவரின் மனத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. எல்லாம் மேஜைமேல் இருந்தது.

1867-68-ல் நத்தையினங்களைப் பற்றிய தொகுதி வந்தது. 1870-71-ல் 500 பக்கங்களைத் தாண்டி 50 படத்தாள்களோடு இருசிப்பி இனங்களைப் பற்றிய தொகுதி வந்தது. 1872-73-ல் முட்தோலிகளும் பவழங்களும் ஏனையவையும் அடங்கிய நான்காம் தொகுதியோடு தென்னிந்தியக் கிரிட்டேஷியஸ் உயிரினங்களைப் பற்றிய நூல் பூர்த்தியாயிற்று. இந்தப் பத்தாண்டுக் காலத்துக்குள் ஸ்டொலிஸ்கா இமயத்தில் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கும், பர்மாவுக்கும், கட்ச்சுக்கும் போய் வேறு வேலைகளும் செய்து வந்தார் என்பதை நினைக்கும்போது, அந்த நிர்வாகத்தின் ஒழுங்கு எவ்வளவு உறுதியானது என்பது விளங்கும். நூல் முடிந்த மறுவருஷம், 1874 ஜூன் 19-ல், யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்க் காராகோரத்தைக் கடந்து திரும்பும் வழியில், லடாக்கில் முர்கோ என்ற இடத்தில், உயரத்தின் கொடுமையால் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 36. அந்தப் பயணத்தில் அவர் சேர்த்திருந்த பொருள்களையும் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் கொண்டே மற்ற அறிஞர்கள் 1878 முதல் 1891 வரையில் யார்க்கண்ட் பயணத்தின் சாஸ்திரப் பலன்களைத் தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவற்றுள் ஒரு பங்கை எழுதியவர் பிளான்போர்டின் சகோதரர் வில்லியம் தாமஸ். வழியிலே உயிர் போகலாம் என்ற நிலையில் நடந்த பயணத்திலும், அன்றன்று கண்டதை அன்றன்றே பிறர் படிக்கும்படி எழுதிவைத்த பழக்கம் இதற்குக் காரணம்.

இந்த இடத்தில் என் நண்பரின் ஆலைக்கு வருகிறேன். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில், அதன் பெயர் வேண்டாம், பழைய ஷிப்ட் லாக் புத்தகங்களைப் புரட்டியபோது, 'வழக்கம்போல் சரிசெய்யப்பட்டது' என்ற வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் தென்பட்டது. எது வழக்கம் என்பதை அறிந்திருந்த போர்மன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரோடு அந்த வாக்கியத்தின் அர்த்தமும் போய்விட்டது. எந்தப் பேரிங், எந்தப் பக்கம், எத்தனை டிகிரிச் சூடு, எதைக் கழற்றி எதைப் போட்டார்கள், யார் கண்ணால் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தால் இரண்டு வரிகள் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே நண்பருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, எழுதத் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்ள டேக் நம்பர் சரியாக இருக்கிறதா, தகட்டில் உள்ளதும் வரைபடத்தில் உள்ளதும் ஸ்டோர்ஸ் கணக்கில் உள்ளதும் ஒன்றுதானா என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது. ஓதியத்துக்கு வடகிழக்கே என்று பழைய பூகர்ப்ப சாஸ்திரிகள் எழுதியதற்குச் சமானமான காரியம் அது. ஆலை பெரிதாகும், பிரிவுகளின் பெயர் மாறும், நிர்வாகமே கைமாறும். எண் மாறாமல் இருந்தால் குறிப்பு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தபடியாக, ஆலை முழுவதற்கும் ஒரே நாளில் வெளியாகும் மகா கிரந்தம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கிரஷருக்கு உரிய பகுதி முடிந்தால் அதை உடனே அந்த இடத்தில் வேலை செய்பவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் எண்ணெய்க் கறையோடு அதைத் திருப்பிக் கொண்டுவந்து, 'சார், மூன்றாவது படி இங்கே இப்படிக் கிடையாது' என்று சொல்லும்போதுதான் அடுத்த பகுதியை எப்படி எழுத வேண்டும் என்பது விளங்கும். கால அட்டவணையையும் காரியாலயக் காலண்டரைப் பார்த்துப் போடாமல், ஆலையின் ஷட்டவுன் எப்போது என்பதைப் பார்த்துப் போட வேண்டும். கிளின் நின்று, ஆறி, உள்ளே செங்கல் மாற்றும் சில நாட்களில்தான் அதன் உள்வயிற்றைக் கண்ணால் காண முடியும். அந்த நாட்களைத் தவற விட்டால் அடுத்த சந்தர்ப்பத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். புகைப்படங்களும் அளவுகளும் அந்த நாட்களுக்கு, எழுத்து வேலை மற்ற நாட்களுக்கு என்று பிரித்துக்கொண்டால் பிளான்போர்டின் காலத்து ஒழுங்கு தானாக வந்துவிடும். சரிபார்க்க வேண்டிய என்ஜினீயருக்கு அந்த வேலைக்கென்று நேரம் ஒதுக்கித் தரும்படி மேலதிகாரியிடம் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் உத்தரவு வாங்கிக்கொள்வதும் அவசியம். ஆவணப்பணிகள் பாதியில் நிற்பதற்கு நான் கண்ட காரணங்களுள் பெரும்பாலானவை எழுதுகிறவரிடம் இல்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவருக்கு நேரமில்லை என்பதில் இருந்தன.

தமிழிலேயே இத்தகைய ஒழுங்குக்கு உதாரணம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு, தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைக் காட்டுவேன். பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1947-ல் தொடங்கிய வேலை, 1954-ல் முதல் தொகுதியை வெளியிட்டு, 1968-ல் பத்தாம் தொகுதியோடு நிறைவெய்தியது. எத்தனையோ துறை வல்லுநர்களிடம் கட்டுரை வாங்கி, ஒரே நடைக்கும் ஒரே அமைப்புக்கும் கொண்டுவந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கலையாமல் நடத்திய அந்தப் பொறுமைக்கு நாம் இன்னும் தக்க மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

மீண்டும் பாறைக்கு வருவோம். ஸ்டொலிஸ்காவுக்குப் பிறகு வார்த் என்பவர் இப்பகுதியில் புதிய சேகரிப்புகளைச் செய்தார். அவற்றை வைத்துக்கொண்டு வியன்னாவில் பிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரையில் அம்மோனைட்டுகளை மறு ஆராய்ச்சி செய்து, ஸ்டொலிஸ்கா வைத்த பல பெயர்களை மாற்றினார், சிலவற்றைப் பிரித்தார், சிலவற்றைச் சேர்த்தார். அரியலூர்ப் பிரிவின் உச்சியில் பிளான்போர்டு சேர்த்திருந்த நின்னியூர்ப் படிவுகள் பிற்காலத்தில் தனிப் பிரிவாயின. இவையெல்லாம் முன்னவர்களின் தோல்வி என்று கருதுகிறவர்கள் ஆவணத்தின் இயல்பை அறியாதவர்கள். கண்டது இன்னது, அதிலிருந்து கொண்ட முடிவு இன்னது என்று அவர்கள் பிரித்தெழுதியிருந்ததால், முடிவு மாறியபோது கண்டது அப்படியே பயன்பட்டது. மன்னார்குடிப் பக்கத்து மகாதேவபட்டணத்தில் பிறந்து 1951-ல் துறையின் தலைவரான முதல் இந்தியர் எம். எஸ். கிருஷ்ணன், அதற்கு முன் 1940-ல் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரத்தை அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தபோதும், அது எந்தப் பாறை வரிசையில் கிடக்கிறது என்று சொல்வதற்கு அடிப்படை ஏற்கனவே இருந்தது. பிறகு 1972-ல், அரியலூர்ப் பிரிவைச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு என்ற நான்கு படிவங்களாக வகுத்த சாஸ்திரி, மாம்கெயின், ராவ் ஆகியோரின் நூல் வெளிவந்தது. அது வெளியான வரிசை எது தெரியுமா? ஓல்டாம் தொடங்கிவைத்த அதே பாலியன்டாலஜியா இண்டிகா. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, புதிய வரிசை எண்ணோடு!

அந்த நான்கில் மேலே உள்ள கல்லமேட்டில் நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அது துயரமான அத்தியாயம். கடல் பின்வாங்கிய காலத்துக் களிமண்ணிலும் மணலிலும் அங்கே மிகப் பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் பிற்பகுதியில் அதற்குப் பிருஹத்காயோசரஸ் என்று பெயரிட்டு வருணித்தார்கள். முதலில் மாமிசம் உண்ணும் வகை என்று எண்ணப்பட்ட அது, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர பக்ஷிணி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது; உலகில் நடமாடிய விலங்குகளுள்ளேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் பூமியிலிருந்து எடுத்தபின் உதிர்ந்து பொடியாகிவிட்டன. இன்று ஒன்றும் இல்லை. முதல் கட்டுரையில் இருந்தவையோ சில கோட்டுச் சித்திரங்களே. அவற்றை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்ற வாதம் அயல்நாட்டு அறிஞர்களிடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. சிலர் அவை எலும்பே அல்ல, கல்லான மரம் என்று கூடச் சொன்னார்கள். 2022-ல், அகழ்ந்தபோது எடுத்த புகைப்படங்களை அய்யாசாமி இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் தணியத் தொடங்கியது. எளிதில் உதிரும் பொருளைக் காப்பாற்றுவது மனிதப் பிரயத்தனத்துக்கு மீறியதாக இருக்கலாம். அதற்காக நான் எவரையும் குறை கூற மாட்டேன். ஆனால் பொருள் போய்விட்ட பிறகு புகைப்படம் எப்படிச் சாட்சி சொல்ல வந்து நின்றது என்பதை ஆலைக்காரரும் சுரங்கக்காரரும் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால், கல்லங்குறிச்சிப் படிவத்துக்கும் அதே நிலை வேறு விதமாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு படிவத்துக்கு ஊர்ப் பெயர் வைக்கும்போது, அந்த ஊரில் அதன் அடி எல்லையும் மேல் எல்லையும் தெளிவாகத் தெரியும் இடத்தை ஆதார ஸ்தலமாகக் காட்டுவது பூகர்ப்ப சாஸ்திரத்தின் விதி. சந்தேகம் வருகிறவன் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேயோ, பாறையைத் திறந்து காட்டுவதே சுரங்கம்தான். பாறையைத் தின்று தீர்ப்பதும் சுரங்கம்தான். சிமெண்டுக்கு உகந்த சுண்ணாம்பு அதில் இருப்பதால் வெட்டுமுகம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதிய சுவர் சில ஆண்டுகளில் இல்லாமல் போகும். வெட்டி முடித்த குழியில் மழைநீர் நிறைந்து அடியிலுள்ளது மறையும். சுரங்கத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அரியலூர் மக்களில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன.

நான் கேட்பது சுரங்கத்தார் ஏற்கனவே செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான். வெடி வைப்பதற்காகத் துளையிடும்போது துளைக்குத் துளை மாதிரித் தூளெடுத்துச் சுண்ணாம்புச் சதவீதம் பார்க்கிறார்கள். போர்ஹோல் போட்டு எடுத்த கல் உருளைகளைப் பெட்டிகளில் அடுக்கி, எத்தனை அடி ஆழத்தில் என்ன பாறை என்று லாக் எழுதுகிறார்கள். அந்த வாரத்துக் கலவை சரியாக வந்தவுடன் அந்தத் தாள்களின் பிரயோஜனம் தீர்ந்ததென்று கருதப்படுகிறது. வெட்டுமுகம் ஒவ்வொரு முறை நகரும்போதும் தேதியும் மட்டமும் அளவுகோலும் தெரியும்படி எடுத்த ஒரு புகைப்படத்தையும், துளைகளின் இட விவரத்தையும், லாக்கின் ஒரு பிரதியையும், சிப்பி அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிந்தது என்ற ஒரு வரியையும், வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரிக்கோ வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்துவைக்க ஏற்பாடு செய்ய முடியாதா? செலவு பெரிதல்ல, யாராவது ஒருவர் பொறுப்பேற்று, படிவம் ஒன்றை அச்சிட்டு, முதல் வருஷத்துத் தாள்களுக்கு எண்ணிட்டுக் கட்டி வைக்க வேண்டும். மானுவல் வேலையோடு கூட இதையும் சேர்த்து மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கும்படி நண்பருக்கு எழுதியிருக்கிறேன். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் வேலை பார்க்கும் மற்றவர்களும் தங்கள் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.